தலவாக்கலை ஸ்டூடியோ கணினிக்கு ரேம் மாற்றியது: ஒரு நிகழ்வு ஆய்வு

ஆட்களின் பெயர்களையும் கடைகளின் பெயர்களையும் விட்டிருக்கிறேன். மற்றதெல்லாம் நடந்த ஒழுங்கிலேயே இருக்கிறது. நான் பிழைவிட்ட இடமும் உள்ளே இருக்கிறது. உண்மையில் அதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பின்னணி

இலங்கை மலையகத்தில், தலவாக்கலை டவுனில் ஒரு கடைக்கு மேல்மாடியில் அந்த ஸ்டூடியோ இருக்கிறது. கல்யாணம், சடங்கு வீடு, கோயில் தேர், பாடசாலைப் பரிசளிப்பு என்று சுற்றியுள்ள தோட்டங்களின் விசேஷங்கள் பெரும்பாலும் அங்கேதான் வீடியோவாகின்றன. உரிமையாளர் ஐம்பதைத் தொட்டவர். கமராவில் கைதேர்ந்தவர், கணினியைப் பொறுத்தவரை, வேலை செய்தால் போதும் என்பவர்.

2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரைக்கும் ஏறியபோது புதுக் கணினி வாங்கும் எண்ணத்தை அவர் கைவிட்டார். கொழும்பில் கேம் விளையாடுவதற்காக ஒரு பையன் வைத்திருந்த பழைய கணினியை வாங்கிக்கொண்டார். இன்டெல் ஐ7-2600கே சிபியு (கணினியின் மூளை), இசட்68 மதர்போர்ட் (எல்லாப் பாகமும் பூட்டும் தாய்ப்பலகை), 4 ஜிபி ரேம் (வேலை நடக்கும்போது தரவு தங்கும் நினைவகம்) ஸ்டிக் இரண்டு. 2011 ஆம் ஆண்டுச் சாமான். ஆனாலும் அந்தக் காலத்தில் நல்ல சாமான்: நான்கு கோர், ஒரே நேரத்தில் எட்டு வேலை ஓடும் எட்டு த்ரெட், வேகத்தைத் தீர்மானிக்கும் பெருக்கியை நாமே ஏற்றவிடும் 'கே' வகை. 3.4 கிகாஹெர்ட்ஸில் ஓட வேண்டியதைப் பையன் 4.5 க்கு ஏற்றி (ஓவர்க்ளாக் என்பது இதுதான்), சூட்டைத் தணிக்க ஓர் உயரமான டவர் கூலரையும் பூட்டி, கேசிங்கின் உள்பக்கத்தில் கறுப்பு மார்க்கரால் "4.5 ஓகே" என்று எழுதியும் வைத்திருந்தான்.

அந்த "ஓகே" யார் கொடுத்தது, எதை வைத்துக் கொடுத்தது என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

கார்த்திகை நடுவில் உரிமையாளரிடமிருந்து அழைப்பு வந்தது. "தம்பி, போர்ட் போயிருச்சு போல. புது ரேம் போட்டேன், ஸ்கிரீனே வரமாட்டேங்குது." மார்கழியில் முகூர்த்தம் இல்லை, தை பிறந்தால் வரிசையாகக் கல்யாணம். அதற்குள் கணினியை ஒரு நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்பதுதான் அவருடைய அவசரம்.

நான் போனபோது கண்டது

ஹட்டனில் கணினி திருத்தும் என் கடையிலிருந்து பஸ் ஏறிப் போய்ச் சேர்ந்தபோது மேசை முழுக்கப் பாகங்கள். இணையத்தில் பார்த்து அவரே வரவழைத்திருந்தார்: 8 ஜிபி ஸ்டிக் இரண்டு, 1600 வேகம், டிடிஆர்3 வகை ரேம். விலை சந்தையில் பாதிதான். போட்டால் விசிறி சுற்றும், சில விநாடிகளில் அணையும், மறுபடி சுற்றும். திரை வராது.

பழைய ஸ்டிக் இரண்டையும் திருப்பிப் போட்டதும் கணினி எழுந்தது. ஆக, போர்டுக்கு ஒன்றுமில்லை. புதியவற்றை ஒவ்வொன்றாக, ஸ்லொட் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். நான்கு ஸ்லொட்டிலும் அதே கதை.

இந்த இடத்தில் இங்கு ஒரு வழக்கம் உண்டு: ரேம் பிடிக்கவில்லை என்றால் எடுத்து ரப்பரால் தேய்ப்பது. மலையகத்தில் இதற்கு நியாயமும் இருக்கிறது. பின்னேரம் ஜன்னலைத் திறந்து வைத்தால் மூடுபனி நேரே அறைக்குள் வரும்; பாவிக்காத ஸ்லொட்டின் உலோகக் கால்களில் மங்கலான பூச்சு படியும். இந்த போர்டிலும் வெறுமையாகக் கிடந்த இரண்டு ஸ்லொட்டில் அது தெரிந்தது. ஆனால் ஸ்டிக்கின் தங்க முலாம் மிக மெல்லியது, ரப்பரின் தூள் ஸ்லொட்டுக்குள் விழுந்தால் அது வேறு தலையிடி. ஐசோப்ரோபைல் அல்கஹோல் தொட்ட துணியால் துடைத்தேன். துடைத்தும் பலனில்லை. அழுக்கு காரணமில்லை என்பது அதோடு உறுதியானது.

பழைய ரேமோடு கணினியை ஓடவிட்டு இரண்டு விஷயங்களைக் குறித்துக்கொண்டேன்.

ஒன்று, வேலை எங்கே இடறுகிறது என்பது. மூன்று கமராவில் எடுத்த ஒரு கல்யாண வீடியோவை அவர் எடிட் செய்துகொண்டிருக்கும்போது டாஸ்க் மனேஜரைப் பார்த்தேன். 8 ஜிபியும் நிறைந்து, மிகுதி ஹார்ட் டிஸ்க்குக்கு வழிந்துகொண்டிருந்தது. கேசிங்கில் டிஸ்க் விளக்கு அணையவே இல்லை. அவர் "ஸ்லோ" என்று சொன்னது இதைத்தான்.

இரண்டாவது, பாகங்களின் விவரம் காட்டும் சிபியு-இசட் மென்பொருள் காட்டிய ரேம் வேகம். 665. அவர் எட்டிப் பார்த்துவிட்டுத் திடுக்கிட்டார். "1600 னு சொல்லித்தானே வித்தான்?" 665 என்பது கடிகார வேகம், ஒரு துடிப்புக்கு இரண்டு தடவை தரவு போவதால் அது 1333 என்று விளக்கினேன். 1333 என்றாலும் 1600 இல்லைதானே? அந்தப் பழைய ஸ்டிக்கில் 1600 என்று இருந்தாலும், பயோஸில் (போர்டின் அடிப்படை அமைப்புத் திரை) எக்ஸ்எம்பியை, அதாவது ஸ்டிக்கில் பதிந்திருக்கும் வேக அமைப்பை, தட்டிவிடாவிட்டால் பெரும்பாலான போர்டுகள் பாதுகாப்பான வேகத்திலேயே ஓட்டும். பையன் சிபியுவை ஏற்றியிருக்கிறான், ரேமைத் தொடவே இல்லை. இந்தக் கணினி 1600 இல் ஒரு நாளும் ஓடியதில்லை.

அந்த இரண்டு ஸ்டிக்கும் ஏன் எழவில்லை

அவற்றைக் கடைக்குக் கொண்டுவந்து, மூலையில் கிடந்த ஒரு பழைய ஏஎம்டி கணினியில் போட்டேன். ஏஎம்3 சொக்கட் (சிபியு பூட்டும் இடம்). முதல் தடவையிலேயே எழுந்தது. 16 ஜிபி என்று காட்டியது. ஸ்டிக்கில் பிழையில்லை, போர்டிலும் பிழையில்லை. சேர்க்கைதான் பிழை.

காரணம் சில்லுக்குள் இருக்கிறது. ஒரு ஸ்டிக் ஒரே நேரத்தில் 64 பிட் தரவைத் தர வேண்டும். மேசைக் கணினிக்கான வழக்கமான ஸ்டிக்கில் ஒவ்வொரு சில்லும் எட்டு பிட் தரும். எட்டுச் சில்லு சேர்ந்தால் 64. சர்வருக்கென்று செய்யப்படும் சில்லுகளில் ஒன்று நான்கு பிட்தான் தரும். 64 க்குப் பதினாறு சில்லு வேண்டும். இன்டெலின் மேசைக் கணினிச் சிபியுகளுக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலருக்கு இந்த நான்கு பிட் சில்லுகளோடு பேசத் தெரியாது. அந்தக் கால ஏஎம்டிக்குத் தெரியும். சர்வரில் கழித்த மலிவான சில்லுகளை மேசைக் கணினி ஸ்டிக்கில் ஒட்டி விற்கிறார்கள். "ஏஎம்டிக்கு மட்டும்" என்று எங்கேயோ சின்ன எழுத்தில் இருக்கும். விலை பாதியாக இருந்ததன் இரகசியம் அதுதான்.

கண்ணால் பார்த்தால் பிடிபடாது. வழக்கமான 8 ஜிபி ஸ்டிக்கிலும் இரண்டு பக்கமும் சேர்த்துப் பதினாறு சில்லுதான் இருக்கும். சில்லின் மேல் உள்ள எண்ணைப் படிக்க வேண்டும். ஃபோன் கமராவைப் பக்கத்தில் கொண்டுபோய், டோர்ச் வெளிச்சத்தைச் சரிவாக அடித்துப் படமெடுத்துப் பெருப்பித்தேன். சாம்சங் சில்லு. எண்ணின் நடுவில் 0446 என்று இருந்தது. சாம்சங்கின் எண்முறையில் அந்த இடத்தில் 04 வந்தால் நான்கு பிட், 08 வந்தால் எட்டு பிட். 0846 என்றிருந்தால் நமக்கு உகந்தது. மேலே தகட்டை ஒட்டி மூடியிருந்தால் எண் தெரியாது. அப்படியானவற்றை விலை பார்த்து வாங்குவது குருட்டு யோகம்.

திருப்பி எடுக்கச் சொல்லி உரிமையாளர் விற்றவருக்கு எழுதினார். விளக்கத்தில் போட்டிருந்தோமே என்று பதில் வந்தது. போட்டுத்தான் இருந்தார்கள். கடைசியில் ஹட்டனில் ஒரு கொம்யூனிகேஷன் கடையின் ஏஎம்டி கணினிக்கு அவற்றை நட்டத்துக்குத் தள்ளிவிட்டோம்.

எதை வாங்குவது

இப்போது தெரிவு என் பக்கம் வந்தது. உரிமையாளரின் மருமகன் முறையான ஒருவர் கொழும்பில் 2400 வேக ரேம் ஒரு சோடி பார்த்து வைத்திருந்தார். சிவப்புத் தகடு, மேலே சீப்புப் பல் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். "ஓவர்க்ளாக் பண்ணின மெஷினுக்கு ஸ்பீடான ரேம் இல்லாட்டி சரிவராது மாமா" என்று அவர் சொல்லியிருக்கிறார்.

இந்தப் பேச்சு எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். நானும் ஒரு காலத்தில் இதையே சொன்னவன். கோர் 2 குவாட் காலத்தில் இது உண்மை. அந்த வரிசையில் வந்த கியூ6600 சிபியுவின் பெருக்கி 9, பஸ் (பாகங்களுக்கிடையே தரவு போகும் பாதை) வேகம் 266. இரண்டும் சேர்ந்து 2.4 கிகாஹெர்ட்ஸ். பெருக்கி மேலே போகாது. வேகம் வேண்டுமென்றால் பஸ்ஸை 333 ஆக்கி 3.0 க்குப் போக வேண்டும். பஸ்ஸை ஏற்றினால் ரேமும் கூடவே ஏறும். அதனால் ஓவர்க்ளாக் என்றாலே வேகமான ரேம் என்று ஆனது. 2011 இல் வந்த இந்தத் தலைமுறையில் அந்த முடிச்சு அவிழ்ந்துவிட்டது. அடிக் கடிகாரம் 100 மெகாஹெர்ட்ஸில் நிற்கும். அதை ஒரு சில சதவீதத்துக்கு மேல் அசைத்தால் ஹார்ட் டிஸ்க், யூஎஸ்பி எல்லாம் தடுமாறும். சிபியுவின் வேகம் பெருக்கியால் ஏறுகிறது: 45 தரம் 100. ரேமுக்கு வேறு பெருக்கி. 4.5 இல் ஓடும் சிபியு 1333 ரேமோடும் ஓடும், ஓடிக்கொண்டும்தான் இருந்தது.

சரி, 2400 ஐ வாங்கினால் என்ன? மூன்று காரணத்துக்காக வேண்டாம் என்றேன். இந்தச் சிபியுவில் ரேம் பெருக்கியின் படிகள் 1066, 1333, 1600, 1866, 2133 என்று ஏறி அங்கேயே முடிகின்றன. 2400 என்றொரு படியே இல்லை. எக்ஸ்எம்பியைத் தட்டினால் ஒன்றில் எழாது, அல்லது கீழே விழும். இரண்டாவது, அந்த சோடி கேட்பது 1.65 வோல்ட். டிடிஆர்3 இன் நியமம் 1.5, இந்தத் தலைமுறைக்கு இன்டெல் சொன்ன எல்லை அதிலிருந்து 5 சதவீதம், அதாவது 1.575. 1.65 இல் ஆண்டுக்கணக்காக ஓட்டியவர்களும் இருக்கிறார்கள்; விளையாட்டுக்கு ஓட்டட்டும். மாதச் சம்பளம் கொடுக்கும் கணினியில் கன்ட்ரோலரைப் பந்தயம் வைக்க எனக்கு மனமில்லை. கன்ட்ரோலர் போனால் சிபியுவே போய்விட்டது என்றுதான் அர்த்தம். மூன்றாவது, சாதாரண அளவுகோல் விஷயம்: டவர் கூலரின் விசிறி முதல் ஸ்லொட்டின் மேல் கவிந்து நிற்கிறது, அந்தச் சீப்புப் பல் விசிறியில் இடிக்கும்.

இன்டெல் இந்தச் சிபியுவுக்கு அதிகாரபூர்வமாகச் சொன்ன ரேம் வேகமே 1333 தான். அதற்கு மேல் போவதெல்லாம் கன்ட்ரோலரை ஓவர்க்ளாக் செய்வதுதான். பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் சரி.

4 ஜிபி ஸ்டிக் இன்னும் இரண்டு வாங்கி நான்காக்குவது மலிவான வழி. ஆனால் நான்கு ஸ்லொட்டும் நிறைந்தால் கன்ட்ரோலருக்குச் சுமை கூடும், விசிறிப் பிரச்சினையும் இருக்கும், பிறகு கூட்ட இடமும் இருக்காது. 8 ஜிபி ஸ்டிக் இரண்டு என்பதே என் முடிவு. வேகம் 1600 போதும் என்று நினைத்திருந்தேன். கண்டியில் ஒரு கடையில் 1866, சிஎல்10 (கேட்ட தரவைத் தர ரேம் எடுக்கும் துடிப்புகளின் எண்ணிக்கை), 1.5 வோல்ட், தட்டையான தகடு கொண்ட சோடி ஒன்று பாவித்த நிலையில் கிடைத்தது. 1600 இன் விலைதான். இன்டெல் போர்டில் ஓடும் வீடியோவை அனுப்பச் சொன்னேன், அனுப்பினார். வாங்கினோம்.

தாமதத்தைப் பற்றி ஒரு சின்னக் கணக்கு. சிஎல் எண் மட்டும் எதையும் சொல்லாது. அதை 2000 ஆல் பெருக்கி வேகத்தால் வகுத்தால் நனோ விநாடி கிடைக்கும். 1333 சிஎல்9 என்றால் 13.5. 1600 சிஎல்9 என்றால் 11.25. 1866 சிஎல்10 என்றால் 10.7. முதல் படியில் கிடைப்பது இரண்டேகால் நனோ விநாடி. அடுத்த படியில் கிடைப்பது அரை. இந்தக் கணக்கை உரிமையாளரிடம் சொல்லவில்லை. பின்னால் எனக்கே தேவைப்பட்டது.

கடையில் நடந்த சோதனையும் என் பிழையும்

கணினியை ஹட்டனுக்கு எடுத்து வந்தேன். புது சோடியை, சிபியுவிலிருந்து எண்ணினால் இரண்டாவதும் நான்காவதுமான ஸ்லொட்டுகளில் போட்டேன். பயோஸில் எக்ஸ்எம்பியைத் தட்டினேன். 16 ஜிபி, 1866. முதல் தடவையிலேயே எழுந்தது. சந்தோஷத்தில் அப்படியே, சிபியுவையும் ரேமையும் சேர்த்து முறுக்கிப் பார்க்கும் பிரைம்95 மென்பொருளின் பிளெண்ட் சோதனையை ஓடவிட்டு வீட்டுக்குப் போனேன்.

காலையில் நீலத்திரை, அதாவது விண்டோஸ் விழுந்திருந்தது. மறுபடி ஓடவிட்டேன், மத்தியானத்துக்குள் மறுபடி நீலத்திரை. புதிதாக வந்தது ரேம். அதற்கு முன் "4.5 ஓகே". எனவே ரேம் பிழை. யோசிக்காமல் கண்டிக் கடைக்காரருக்கு ஃபோன் எடுத்து, கொஞ்சம் சூடாகவே கதைத்தேன். அவர் நிதானமாகக் கேட்டார்: "சிபியு ஓவர்க்ளாக்கை எடுத்துட்டுப் பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை. இரண்டு தெரியாதவற்றை ஒரே நேரத்தில் ஓடவிட்டு, புதிதாக வந்த ஒன்றின் மேல் பழியைப் போட்டிருந்தேன்.

அன்றிரவு சிபியுவை அதன் இயல்பு நிலைக்கு இறக்கினேன். ரேமை 1866 இல் விட்டு, பென் டிரைவிலிருந்து ரேமை மட்டும் சோதிக்கும் மெம்டெஸ்ட் இரவு முழுக்க. ஒரு பிழையும் இல்லை. மறுநாள் நேர்மாறாக: சிபியு 4.5, ரேம் 1333. பிரைம்95 ஐத் தொடங்கிச் சில மணி நேரத்தில் நீலத்திரை. பழைய 4 ஜிபி ஸ்டிக்குகளைப் போட்டும் அதே சோதனை, அதே முடிவு. பையனின் "ஓகே" கேம் விளையாடுவதற்கான ஓகே. எட்டு த்ரெட்டையும் மணிக்கணக்காக முறுக்கும் ரெண்டரிங் வேலைக்கு (எடிட் செய்ததை முழு வீடியோவாக்குவது) அது ஒரு நாளும் ஓகேயாக இருந்திருக்கவில்லை. இதற்கு முன் ரெண்டர் நடுவில் நின்றிருக்கிறதா என்று உரிமையாளரிடம் கேட்டேன். "மாசத்துக்கு ரெண்டு தடவ நிக்கும். கரண்ட் ஏறி எறங்குறதுன்னு நெனச்சேன்."

அவரைக் குறை சொல்ல முடியாது. மேல் கொத்மலை அணைக்கட்டு அந்த டவுன் ஓரத்திலேயே நிற்கிறது. ஆனாலும் காற்றடித்து மரம் சாய்ந்தால் விளக்கு மினுங்கத்தான் செய்யும். மலையில் எந்தக் கோளாறுக்கும் முதல் சந்தேகநபர் கரண்ட்தான்.

கண்டிக் கடைக்காரருக்கு மறுபடி ஃபோன் எடுத்து மன்னிப்புக் கேட்டேன். சிரித்துவிட்டு, வாரத்துக்கு ஒருத்தர் இப்படி ஏசுவதாகச் சொன்னார்.

4.5 ஐக் காப்பாற்ற வோல்ட்டை ஏற்றிப் பார்த்தேன். சூடு 80 டிகிரிக்கு மேல் போனது. இந்தச் சிபியு 98 இல் தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொள்ளும் என்பதால் எரிந்துவிடாது. ஆனால் ஹட்டன் குளிரிலேயே 80 என்றால் மூடிய ஸ்டூடியோவில் வெயில் நாளில் என்ன ஆகும்? பெருக்கியை 43 க்கு இறக்கினேன். வோல்ட்டையும் இறக்க முடிந்தது. சூடு பத்து டிகிரிக்கு மேல் குறைந்தது. 4.3 இல் பிரைம்95 ஒரு நாள் முழுக்க நின்றது, ரேம் 1333 இல்.

அதன் பிறகே ரேமை ஏற்றினேன். 1866 இல், 4.3 உடன், பதினொரு மணி நேரம் கழித்து ஒரு த்ரெட் பிழை காட்டி நின்றது. மெமரி கன்ட்ரோலருக்குப் போகும் விசிசிஐஓ வோல்ட்டை 1.05 இலிருந்து 1.10 ஆக்கினேன். அதற்குப் பிறகு இரண்டு இரவு, பிழையில்லை. மார்கழி முதல் வாரம் கணினியைத் திருப்பிக் கொடுத்தேன்.

தலவாக்கலையின் விடிகாலை

நான்காம் நாள் காலை ஏழு மணிக்கு அழைப்பு. "ரெண்டு மூணு தடவ அணைஞ்சு அணைஞ்சு வந்துச்சு தம்பி. வந்து பாத்தா ஏதோ செட்டிங் போயிருச்சுன்னு எழுதிருக்கு." மத்தியானம் போட்டால் பிரச்சினை ஒன்றும் இல்லையாம். காலையில்தான்.

அடுத்த நாள் முதல் பஸ்ஸில் போனேன். ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கமாக ஈரம் வழிந்துகொண்டிருந்தது. கேசிங்கைத் தொட்டால் கை விறைத்தது. போட்டதும் அவர் சொன்னது அப்படியே நடந்தது: இரண்டு தடவை அணைந்து எழுந்து, மூன்றாவது தடவையில் ஓவர்க்ளாக் தோல்வி என்ற செய்தியோடு ரேமை 1333 க்கு இறக்கிக்கொண்டு வந்தது. பயோஸை மறுபடி அமைத்து, அரை மணி நேரம் ஓடவிட்டு அணைத்துப் போட்டால், ஒழுங்காக 1866.

இரவு முழுக்க அணைந்து கிடந்த கணினி எழும்போது பயோஸ் ரேமின் நேரங்களை ஒவ்வொன்றாக அளந்து பொருத்திக்கொள்ளும். விளிம்பில் நிற்கும் அமைப்பு என்றால், சூடாக இருக்கும்போது பொருந்துவது குளிரில் பொருந்தாமல் போகலாம். கடையில் நான் சோதித்ததெல்லாம் ஏற்கெனவே சூடாக ஓடிக்கொண்டிருந்த கணினியில். விடிய ஏழு மணிக்குக் குளிர்ந்த நிலையில் ஒரு தடவைகூடப் போட்டுப் பார்த்ததில்லை. குளிர் ஓவர்க்ளாக்குக்கு நல்லது என்று மலையில் இருந்துகொண்டு பெருமையாகச் சொல்லுவோம். அது ஓடும் கணினிக்கு; எழும் கணினிக்கு இல்லை.

விசிசிஐஓவை இன்னும் ஏற்றியிருக்கலாம், ரேம் வோல்ட்டைக் கொஞ்சம் கூட்டியிருக்கலாம். அரை நனோ விநாடிக்காகவா? அந்தக் கணக்கு நினைவுக்கு வந்தது. ஒரே கல்யாண வீடியோவை 1866 இலும் 1600 இலும் ரெண்டர் செய்து பார்த்தோம். வித்தியாசம் ஒரு பிளேன்டீ ஆறும் நேரம்கூட இல்லை. 1600, சிஎல்9, 1.5 வோல்ட் என்று அமைத்தேன். விசிசிஐஓவையும் பழையபடி 1.05 க்கே கொண்டுவந்தேன்.

அன்றிரவு அங்கேயே தங்கி, விடிகாலையில் நானே போட்டுப் பார்த்தேன். ஒரே தடவையில் எழுந்தது. அடுத்த பத்து நாளுக்குக் காலையில் போட்டதும் சிபியு-இசட் திரையைப் படமெடுத்து அனுப்பும்படி உரிமையாளரிடம் சொன்னேன். பத்துப் படமும் 800 என்று வந்தன, அதாவது 1600. இரண்டு படத்தில் அவருடைய விரலும் பாதி விழுந்திருந்தது.

அதன் பிறகு

தை முகூர்த்தங்கள் எல்லாம் அந்தக் கணினியிலேயே முடிந்தன. ரெண்டர் நடுவில் நிற்பது நின்றுவிட்டது. எடிட் செய்யும்போது ரேமில் 13 ஜிபி வரைக்கும் போகிறது. டிஸ்க் விளக்கு இப்போது விட்டு விட்டுத்தான் எரிகிறது. அவர் உணர்ந்த வேகம் 8 ஐ 16 ஆக்கியதில் வந்தது. 1333 ஐ 1600 ஆக்கியதற்கு அதில் பெரிய பங்கில்லை, 4.5 ஐ 4.3 ஆக்கியதை அவர் கவனிக்கவே இல்லை.

பழைய 4 ஜிபி ஸ்டிக் இரண்டையும் சேர்த்தால் 24 ஆகுமே என்று கேட்டார். நியாயமான கேள்விதான், ரேமுக்குப் போகும் இரண்டு பாதைகளில் (சனல்) ஒவ்வொன்றிலும் 8 உம் 4 உம் என்று போட்டால், இரண்டும் சேர்ந்து ஓடும் இரட்டைச் சனல் கெடாது. போட்டுப் பார்த்தேன். 1600 இல் மெம்டெஸ்ட் பிழை காட்டியது, 1333 இல் காட்டவில்லை. 13 ஜிபிக்கு மேல் போகாத வேலைக்கு அது வேண்டாம் என்று எடுத்துவிட்டேன். அவை இப்போது உயர்தரம் படிக்கும் அவருடைய மகளின் கணினியில் இருக்கின்றன.

சித்திரை இடிமழைக் காலத்தில் ஒரு நாள் நீண்ட மின்வெட்டு. வந்ததும் கணினி 3.4 இலும் 1333 இலும் எழுந்தது, கடிகாரமும் பழைய ஆண்டைக் காட்டியது. ரேம் இல்லை, போர்டில் உள்ள 2032 பட்டறி தீர்ந்திருந்தது. 2011 இலிருந்து அதே பட்டறியாக இருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். கேசிங்கைத் திறந்திருந்த அத்தனை நாளில் ஒரு தடவையாவது மாற்றியிருக்க வேண்டும்.

இனி இப்படி ஒரு கணினி வந்தால்

பாகம் எதையும் வாங்கும் முன்னரே, வந்த நிலையில் ஒரு நாள் முழுச் சுமையில் ஓடவிடுவேன். இதை அன்றைக்கே செய்திருந்தால் 4.5 இன் பொய் முதல் நாளே தெரிந்திருக்கும், கண்டிக்கு அந்தக் ஃபோனும் போயிருக்காது. பிறகு சிபியு இயல்பில் வைத்து ரேம், ரேம் 1333 இல் வைத்து சிபியு, கடைசியில் இரண்டும்.

பாவித்த ரேம் வாங்கும்போது ஓடும் வீடியோவோடு சில்லு எண்ணின் படமும் கேட்பேன். தகடு மூடியிருந்தால் எந்தச் சிபியுவில் ஓடுகிறது என்பது வீடியோவிலேயே தெரிய வேண்டும்.

சோதனையின் கடைசிப் பகுதியைக் கணினி இருக்கப்போகும் இடத்தில், விடிகாலையில் செய்வேன். பஸ் செலவு இரண்டு தடவை ஆகும். அதைக் கூலியில் முதலே சேர்த்துச் சொல்லிவிடுவது நல்லது. இந்தத் தடவை நான் சொல்லவில்லை, கேட்கவும் கூச்சமாக இருந்தது.

பயோஸ் அமைப்புகளைப் படமெடுத்து அச்சிட்டு கேசிங்குக்குள் ஒட்டுவேன். பட்டறி மாற்றப் போன அன்று அதைத்தான் செய்தேன். ஒட்ட இடம் தேடியபோது பார்த்தேன், "4.5 ஓகே" மேல் ஒரு கோடு கிழித்து, பக்கத்தில் உரிமையாளர் தன் கையால் "4.3 / 1600" என்று எழுதி, திகதியும் போட்டிருந்தார்.